வடிவான பெட்டி

எங்கட ஊர்ப் பேச்சில் ‘வடிவு’ என்ற சொல்லுக்கு வேலை கூட. அழகு என்றாலும் வடிவுதான், உருவம் என்றாலும் வடிவுதான். ‘வடிவாய்ப் பார்’ என்று அம்மா சொன்னால் அழகாகப் பார் என்று அர்த்தமில்லை. அவசரப்படாமல், ஒன்றையும் விடாமல் பார் என்று அர்த்தம். கடந்த நாலு மாதமாக எங்கட வீட்டில் இந்த மூன்று வடிவும் ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. காரணம், ஒரு கார் வாங்குவதென்று முடிவெடுத்ததுதான்.

கார் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு அப்படித்தான் வந்தது. அப்பம்மாவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. பருத்தித்துறைப் பக்கமிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு மாதத்தில் இரண்டு தரம் ஓட்டோ பிடிக்கிறோம். போக முப்பது கிலோமீற்றருக்கு மேல, வரவும் அவ்வளவு. ஓட்டோவில் ஏறுவது அப்பம்மாவுக்கு ஒரு வித்தை: ஒரு காலை மடிக்க ஏலாது, மற்றக் காலில் நிற்க ஏலாது. அம்மா போன வருடம் படிப்பிக்கிற வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடைக் காசும், அப்பா டோகாவிலிருந்து அனுப்பிச் சேர்ந்த கொஞ்சமும்தான் கையில். திரும்ப இப்படி ஒரு தொகை எங்களிடம் ஒரேயடியாகச் சேரப்போவதில்லை. ஆகவே பிழைவிட முடியாது. லைசென்ஸ் வைத்திருக்கிற ஒரே ஆள் நான் என்பதால், ஓடப்போவதும் நான்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடம் எங்கட நாட்டில் கார் என்கிற பொருளின் அர்த்தத்தையே மாற்றிவிட்டது என்பது என் எண்ணம். ஓடி ஓடிப் பழசாக வேண்டிய சாமான், ஓட ஓட விலை ஏறியது. பாங்கில் போடுவதைவிட முற்றத்தில் விடுவது லாபம் என்று ஆட்கள் கதைத்தார்கள். இப்போது புதிதாக இறங்குகிறது, ஆனால் எஞ்சின் சிசியைப் பார்த்துப் போடுகிற வரி இருக்கிறதே, அது எங்களைப் போன்றவர்களைச் சின்ன எஞ்சின் பக்கம்தான் தள்ளும். சின்ன எஞ்சின் என்றால், பெரும்பாலும் ஜப்பானின் 660 சிசி கார்கள். அவை எல்லாம் பெட்டிகள்.

ஏன் பெட்டி என்று நான் முதலில் யோசித்ததே இல்லை. பஷன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது சட்டத்தால் பிறந்த உருவம். ஜப்பானில் ‘கெய்’ என்கிற சின்ன வாகன வகைக்கு நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சிசி என்று எல்லை போட்டிருக்கிறார்கள். அதற்குள் நின்றால் வரியும் செலவும் குறைவு. நீளத்திலும் அகலத்திலும் அசைய ஏலாது. மிச்சமிருக்கிற ஒரே திசை மேல். உயரத்துக்கு எல்லை 2 மீற்றர். ஆகவே கூரையை உயர்த்தினார்கள், பக்கச் சுவர்களைச் செங்குத்தாக நிமிர்த்தினார்கள், முன்கண்ணாடியை எழுப்பினார்கள். சின்னக் காணியில் மாடி வைத்துக் கட்டுகிற மாதிரி. வளைவுகள் அழகுதான், ஆனால் ஒவ்வொரு வளைவும் உள்ளே ஒருவரின் தலையையோ தோளையோ தின்னும்.

தம்பிக்கு இந்த விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. அவனுக்கு ஏஎல் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிற படம் ஒன்றுதான் தெரியும்: சுசுகி ஜிம்னி. 2018இல் வந்த அந்தப் புது ஜிம்னியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு குழந்தைப்பிள்ளையிடம் ‘ஜீப் ஒன்று கீறு’ என்றால் கீறுகிற மாதிரி இருக்கும். தட்டையான பொனற், வட்ட முன்விளக்கு, பின்கதவில் ஸ்பெயார் ரயர். ஜப்பானிலேயே ஓடர் கொடுத்துவிட்டு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அது நடிப்பு ஜீப்பும் இல்லை. 1970இல் 359 சிசி எஞ்சினோடு தொடங்கிய பரம்பரை. இன்றைக்கும் ஏணி மாதிரியான சட்டத்தின் மேல்தான் உடம்பு உட்கார்ந்திருக்கிறது, முன்னும் பின்னும் முழு அச்சு, மலைப்பாதைக்கென்று தனிக் கியர். அந்தச் சதுர வடிவுக்குக்கூடக் காரணம் இருக்கிறது: காட்டுப்பாதையில் ஓடுகிறவருக்குத் தன் வாகனத்தின் நாலு மூலையும் எங்கே நிற்கின்றன என்று தெரியவேண்டும். தட்டையான பொனற்றில் மூலை தெரியும், சரிந்து விழுகிற பொனற்றில் தெரியாது.

ஒத்துக்கொள்கிறேன், எனக்கும் ஜிம்னி பிடிக்கும். கம்பஸ் வாசலில் ஒன்று நின்றால் திரும்பிப் பார்ப்பேன்.

ஆனால் இங்கே ஒரு விசயம். ஜப்பானில் விற்கிற 660 சிசி ஜிம்னியும், அதே கம்பனியின் ஹஸ்லரும் நீளத்தில் ஒன்று, அகலத்தில் ஒன்று. இரண்டும் 3,395 மில்லிமீற்றர் நீளம், 1,475 மில்லிமீற்றர் அகலம். முற்றத்தில் ஒரே அளவு இடம்தான் பிடிக்கும். ஆனால் உள்ளே ஏறினால் இரண்டு வேறு உலகம். ஜிம்னியின் எஞ்சின் நெடுக்காகக் கிடக்கிறது, அதன் பின்னால் கியர்பெட்டி, அதற்கும் பின்னால் நாலு சில்லுக்கும் விசை பிரிக்கிற பெட்டி, கீழே சட்டம். இதெல்லாம் பிடித்த இடம்போக மிச்சம்தான் ஆட்களுக்கு. ஹஸ்லரில் எஞ்சின் குறுக்காக, முன்சில்லுக்கு மேல் ஒடுங்கி இருக்கிறது. சில்லுகள் நாலும் மூலைக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையிலான தூரம் ஜிம்னியில் 2,250 மில்லிமீற்றர், இரண்டாம் தலைமுறை ஹஸ்லரில் 2,460. அந்த 21 சென்ரிமீற்றர்தான் பின்சீற்றில் இருக்கிறவரின் முழங்கால்.

வீட்டில் முழங்கால் என்ற சொல் வந்ததும் எல்லாரும் அப்பம்மாவைப் பார்த்தோம்.

ஜிம்னிக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான். பின்னால் ஏறுவதற்கு முன்சீற்றை மடித்து, குனிந்து, உடம்பை முறுக்கிப் போகவேண்டும். அப்பம்மாவை முன்னால் இருத்தலாம் என்றான் தம்பி. இருத்தலாம், ஆனால் அந்த உயரத்துக்கு ஏற்றவேண்டும். பின்சீற்றை நிமிர்த்தி வைத்தால் வெளிநாட்டு 1.5 லீற்றர் ஜிம்னியின் டிக்கி 85 லீற்றர். நாலு இருபது லீற்றர்த் தண்ணிக் கானின் கொள்ளளவு. அப்பம்மாவின் மடிக்கிற சக்கர நாற்காலியை எங்கே வைப்பது என்று கேட்டேன். ‘கூரையில கட்டலாம் அக்கா’ என்றான். இந்தியாவில் 2023இல் ஐந்து கதவு ஜிம்னி வந்தது உண்மை. ஆனால் அது எங்கட காசுக்கு எட்டுகிற பேச்சே இல்லை.

ஆகவே ஜிம்னி போய்விட்டது. இங்கே கட்டுரையை முடித்திருந்தால் ‘அழகைவிடப் பயன்பாடு முக்கியம்’ என்று பாடசாலைக் கட்டுரை மாதிரி ஆகியிருக்கும். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது, வாகன்ஆர் உருவத்தில்.

வாகன்ஆரை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ஓடுகிறது. 2014இல் ஜப்பானில் வந்த முதலாவது ஹஸ்லர், அடிப்படையில் வாகன்ஆர்தான். அதே 658 சிசி எஞ்சின், அதே அடித்தளம், அதே மாதிரிச் சீற். தரையிலிருந்து சில சென்ரிமீற்றர் கூடுதலாகத் தூக்கி, வட்ட விளக்கு பூட்டி, கூரைக்கு வேறு நிறம் அடித்து, சில்லுகளுக்கு மேலே கறுப்புப் பிளாஸ்ரிக் வைத்தால் ஹஸ்லர். பம்பருக்குக் கீழே வெள்ளி நிறத்தில் ஒரு தகடு தெரியும், கல்லில் முட்டினால் எஞ்சினைக் காப்பாற்றுகிற இரும்புத் தகடு மாதிரி. அது தகடே இல்லை, நிறம் அடித்த பிளாஸ்ரிக். ஜிம்னியின் பெட்டி காட்டுக்காகப் பிறந்தது. வாகன்ஆரின் பெட்டி சட்டப்புத்தகத்துக்குள் பிறந்தது. ஹஸ்லர், இரண்டாவதின் உடம்புக்கு முதலாவதின் சட்டையைப் போட்டு நிற்கிறது.

அதற்காகக் கூடுதல் விலை. ஒரே வருடம், ஏறக்குறைய ஒரே ஓட்டம் உள்ள இரண்டையும் விசாரித்தபோது ஹஸ்லருக்கு லட்சக்கணக்கில் கூடக் கேட்டார்கள். அந்த வித்தியாசம் தம்பியின் ரியூசன் காசு, அல்லது அப்பம்மாவின் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கிவைக்கலாம். இதைவிடத் தெளிவாக அழகுக்கு விலை ஒட்டி நான் ஒரு இடத்திலும் பார்த்ததில்லை. கலைப்பீடத்தில் அழகியல் பற்றி எவ்வளவோ கதைக்கிறோம், ஆனால் அங்கே ஒருவரும் லீசிங் கட்டுவதில்லை.

மாமா உடனே தீர்ப்புச் சொன்னார்: ‘வாகன்ஆரை எடுங்கோ. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பார்ட்ஸ் எங்கயும் கிடைக்கும், எந்தக் கராஜிலயும் கழட்டிப் பூட்டுவாங்கள்.’ அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கும் ஒரு கிழமை அதுதான் சரியென்று பட்டது. அப்புறம் நாங்கள் மூவரும் மாமாவோடு ஒரு கார் சேலுக்குப் போனோம்.

அந்த இடத்தின் பெயர் வேண்டாம். காரை ஓடப்போவது நான், காசு கொடுக்கப்போவது அம்மா. அங்கே நின்றவர் இரண்டு மணித்தியாலமும் மாமாவோடுதான் கதைத்தார். ‘அண்ணை, எஞ்சின் சத்தத்தைக் கேளுங்கோ’, ‘அண்ணை, ஒக்சன் சீற் இருக்கு’. என் பக்கம் திரும்பியது ஒரே ஒரு தரம்: ‘தங்கச்சிக்கு இந்த நிறம் பிடிக்கும், பாருங்கோ, லேடீஸ் எல்லாம் இதைத்தான் கேக்கினம்.’ நான் பற்றறியைப் பற்றிக் கேட்டேன். ஹஸ்லரிலும் வாகன்ஆரிலும் பிற்காலத்து மொடல்களில் வழமையான பற்றறிக்கு மேலாக ஒரு சின்ன லித்தியம் பற்றறி வருகிறது. பிறேக் பிடிக்கும்போது சேர்கிற மின்னைப் பிடித்து வைத்து, புறப்படும்போது எஞ்சினுக்குக் கைகொடுக்கும். அதை எப்போதாவது மாற்றினார்களா என்பதுதான் கேள்வி. பதிலை அவர் மாமாவுக்குச் சொன்னார்.

அங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. எங்கட சமூகத்தில் ‘வடிவு’ பெண்பிள்ளைகளுடையதும் சின்னப் பிள்ளைகளுடையதும். ‘பிரயோசனம்’ ஆம்பிளைகளுடைய, பெரியவர்களுடைய பாடம். தம்பி ஜிம்னி கேட்டால் விளையாட்டுப் பிள்ளை, நான் நிறம் கேட்டால் லேடீஸ். மாமா வாகன்ஆர் சொன்னால் அது அறிவு. ஆனால் மாமா சொன்னதை வடிவாய்க் கேட்டால், அவரும் தோற்றத்தைத்தான் கதைக்கிறார். வெள்ளையே எடுக்கவேண்டும் என்றார். ஏன்? ‘விக்கேக்க வெள்ளைக்குத்தான் ஆள் வரும்.’ சீற்றில் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றவேண்டாம் என்றார். அதுவும் விக்கேக்க. அவரும் அழகைத்தான் பார்க்கிறார், தன் கண்ணால் இல்லை, ஏழு வருடம் கழித்து வரப்போகிற முகம் தெரியாத ஒருத்தரின் கண்ணால்.

அந்தப் பயத்தை நான் பகிடி பண்ணவில்லை. எங்கட ஆட்கள் எத்தனை தரம் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளிக்கிட்டவர்கள். விற்கக்கூடிய சாமானைத்தான் வாங்கவேண்டும் என்ற புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பெற்றோல் வடக்குக்கு வர விடாத தொண்ணூறுகளில் ஏ40 களும் மொறிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடினதை அப்பம்மா இப்பவும் சொல்லுவா. அண்டைக்கு வடிவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை, ஓடினால் போதும். 2022இல் கியூஆர் காட்டி காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் அடித்த காலத்தை நானே வரிசையில் நின்று பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு சாமானையும் அடுத்த அழிவுக்காகவே வாங்கிக்கொண்டிருந்தால், இடையில் இருக்கிற வாழ்க்கை யாருக்கு?

இதை வீட்டில் இவ்வளவு பெரிய வசனமாக நான் சொல்லவில்லை. சொன்னால் தம்பி சிரிப்பான்.

நாங்கள் செய்தது வேறு. அப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு காரிலும் இருத்திப் பார்த்தோம். இதுதான் இந்த நாலு மாதத்திலும் செய்த உருப்படியான வேலை. கார் வாங்குகிற யாருக்கும் சொல்லுவேன், வீட்டில் ஏலாத ஆள் யாரோ, அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தாழ்ந்த காரில் உடம்பை இறக்கவேண்டும், பெரிய ஜீப்பில் உடம்பை ஏற்றவேண்டும். இந்தப் பெட்டிகளில் சீற் ஏறக்குறைய இடுப்பு உயரத்துக்கு வருகிறது. அப்பம்மா முதுகைக் காட்டி நின்று, பின்னுக்கு இருந்து, இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுத்தா. வாகன்ஆரிலும் சுகமாக இருந்தா. ஹஸ்லரிலும் சுகமாக இருந்தா. கூரை உயரம் என்பதால் இரண்டிலும் தலை முட்டவில்லை. ஹஸ்லரின் பின்சீற் முன்னும் பின்னும் நகரும். ஒரு பாதியை மடித்துச் சக்கர நாற்காலியை வைத்தோம், மற்றப் பாதியில் அம்மா இருந்தா. வாகன்ஆரிலும் இதே வித்தை நடக்கும். அதாவது அப்பம்மாவின் முழங்கால் இரண்டுக்கும் ஒரே மார்க் போட்டுவிட்டது.

மிச்சம் இருந்தது எங்கட ஒழுங்கை. மழைக்குப் பிறகு அதில் வருகிற பள்ளங்களைப் பார்த்தவர்களுக்குத் தரையிலிருந்து வருகிற அந்தச் சில சென்ரிமீற்றரின் அருமை தெரியும். ஹஸ்லரின் அடி 180 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கிறது. ஜிம்னி 205. எங்கட ஒழுங்கைக்கு 180 போதும்.

பெட்டிகளின் குறையையும் சொல்லவேண்டும். வல்லை வெளியில் சோழகம் அடிக்கிற மாதங்களில் ஒரு ஹஸ்லரை ஓடிப் பார்த்தேன். ஒரு பக்கம் நீரேரி, மற்றப் பக்கம் வெட்டை, மறைப்பு ஒன்றும் இல்லை. உயரமான, பாரம் குறைந்த, பக்கம் தட்டையான சாமானைக் காற்று கையால் தள்ளுவது மாதிரித் தள்ளும். ஸ்ரேறிங்கை இரண்டு கையாலும் பிடித்தேன். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும் என்பதால், நிமிர்ந்த முகமுள்ள கார் அதிவேகப் பாதையில் பெற்றோல் கூடக் குடிக்கும். ஆனால் பருத்தித்துறை வீதியில் எங்கே அந்த வேகம்? கோப்பாய், நீர்வேலி, நெல்லியடி என்று சந்திக்குச் சந்தி நின்று, மாட்டுக்கு வழிவிட்டு, பஸ்ஸுக்குப் பின்னால் போகிற பாதை. டேர்போ இல்லாத முதலாம் தலைமுறை ஹஸ்லரின் 52 குதிரைவலு இதற்குத் தாராளம். கண்டி மலைக்கு நாலு பேரோடு ஏறினால் ஏசியை நிறுத்தவேண்டி வரும் என்று வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் கண்டிக்குப் போய் எட்டு வருடம்.

ரொயோட்டா ரெய்ஸ் ஒன்றையும் அப்பா வட்ஸ்அப்பில் அனுப்பினார். நாலு மீற்றருக்குள் அடங்குகிறது, ஐந்து பேர் இருக்கலாம், டிக்கி 369 லீற்றர். எல்லாக் கேள்விக்கும் அதில் பதில் இருந்தது, விலைக்கு மட்டும் எங்களிடம் பதில் இல்லை.

கடைசியில் முடிவெடுத்தது அம்மா. முப்பது வருடம் படிப்பித்த மனிசி, வெள்ளைச் சேலையும் வெளிர்நீலச் சேலையும் தவிர வேறு நிறம் பாடசாலைக்கு உடுத்து நான் கண்டதில்லை. நெல்லியடியில் ஒரு வீட்டில் விற்பனைக்கு நின்ற 2015 ஹஸ்லரைப் பார்க்கப் போனோம். செம்மஞ்சள் நிறம், வெள்ளைக் கூரை. மாமா தலையில் கை வைத்தார். ‘அக்கா, இந்தக் கலரை நாளைக்கு எவன் வாங்குவான்?’

அம்மா காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தா. பிறகு சொன்னா, ‘நான் விக்கிறதுக்கு வாங்கேல்லை. காலமை எழும்பி முத்தத்தில பாக்கிறதுக்கு எனக்கு இது வடிவாய்க் கிடக்கு.’

நிறத்தால் ஆள் வராமல் நின்ற கார் என்பதால் வாகன்ஆருக்கும் அதற்குமான வித்தியாசத்தில் பாதிக்கு மேல் குறைந்தது என்பதையும் சொல்லவேண்டும். மாமா சொன்ன ‘விக்கேக்க’ என்ற பயம் எங்களுக்கு முதல் இருந்தவரின் தலையில் விடிந்திருக்கிறது. மிச்ச வித்தியாசத்தை அம்மா தன் காசில்தான் கட்டினா. அதை அவ வேறு எதற்குச் செலவழித்திருக்கவேண்டும் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

வந்து மூன்று கிழமை. பின்பம்பரில் நான் ஒரு கீறல் போட்டாயிற்று, மதிலில். தம்பி கழுவுவதற்கென்றே ஒரு வாளியை ஒதுக்கியிருக்கிறான். சைக்கிளை அவன் ஒரு நாளும் கழுவினதில்லை. அப்பம்மாவுக்கு நிறம் சரியாகத் தெரியாது, கண்ணில் பிரச்சினை. ‘தோடம்பழம் மாதிரி ஒரு பெட்டி’ என்று பக்கத்து வீட்டு ஆச்சிக்குச் சொல்லியிருக்கிறா, தம்பியிடம் கேட்டுத்தான்.

இந்த வகைக் காருக்கு நாலு சீற்தான். அது சட்டம், ஐந்தாவது ஆளுக்குப் பட்டியே இல்லை. அப்பா டிசெம்பரில் லீவில் வருகிறார். அவரை ஏற்றப் பலாலிக்கோ கொழும்புக்கோ எல்லாரும் போவதென்றால் யார் வீட்டில் நிற்பது என்று இப்பவே கதை தொடங்கியிருக்கிறது. தம்பி தான் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவதாகச் சொல்கிறான். அவனுக்கு இன்னும் லைசென்ஸ் இல்லை.